ஏழு மணி மதுரை வண்டி

உட்காருங்க சார். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இப்படி வாசலை மறித்து நின்றால் வீல்சேர் எப்படிப் போகும்? வீட்டுக்குக் கிளம்பணும் என்றால் கிளம்புங்க, யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் ஆட்டோக்காரன் டீ குடிக்கப் போயிருக்கான். அவன் வருகிற வரைக்கும் இந்த பெஞ்சில் உட்காரலாம். பெஞ்சு யாருக்கும் சொந்தமில்லை. இந்த ஓரம் மட்டும் என்னுடையது.

திங்கட்கிழமை உங்களைப் பார்த்தேன். முதல் தடவை, இல்லையா? நாலு மணி நேரமும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தீங்க. பேங்க் மேனேஜர் என்று ஸ்டெல்லா சிஸ்டர் சொன்னாங்க. இருக்கும். நேரத்துக்குக் கதவைப் பூட்டிப் பழகின கண். ஆனால் டயாலிசிஸ் ஹாலில் அந்தக் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது சார். பார்த்தால் முள் நகராது. இன்றைக்கு இரண்டாவது தடவை, உள்ளே போகாமலே திரும்புறீங்க. தப்பில்லை. நானும் ஒரு காலத்தில்... அது வேண்டாம். அது காய்ச்சல்.

என்ன கேட்டீங்க? விசிலா? மூணாம் நம்பர் மெஷின் கம்பியில் கறுப்புக் கயிற்றில் தொங்குகிறதே, அதுவா?

அதைப் பற்றி உள்ளே போனதும் எங்களோடு டயாலிசிஸ் பண்ணுகிற மைதீன் பாத்து அக்கா சொல்ல ஆரம்பிச்சிருவாங்க. "நம்ம அண்ணாச்சி இருந்தா" என்று ஆரம்பித்தால் கண்ணைத் துடைக்காமல் முடிக்க மாட்டாங்க. அவங்க சொல்றதுக்கு முன்னால் நான் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். பொறாமையில் பேசுகிறான் என்று நினைக்காதீங்க. எனக்கு அந்த மனுஷன் மேல் என்ன பொறாமை? அவர் ஒரு டவுன் பஸ் கண்டக்டர். சரி, டவுன் பஸ் இல்லை, வெளியூர் வண்டி. தென்காசியிலிருந்து மதுரை. இருபத்தாறு வருஷம் அதே வண்டி, அதே ரோடு. அதற்கு மேல் அவருக்கு என்ன தெரியும்?

என்னை எடுத்துக்கோங்க. பேர் ஜெயசிங். வயசு நாற்பத்தொன்பது. பத்தொன்பது வருஷம் மஸ்கட்டில் சேஃப்டி ஆபீசர். காலை ஐந்தரை மணிக்கு இருநூற்று இருபது பேர் வரிசையில் நிற்பார்கள். நான் ஒரு இரும்பு டிரம் மேல் ஏறி நின்று பேசுவேன். தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை. நான் பேசி முடிக்காமல் ஒருத்தன் ஏணியில் கால் வைத்தது கிடையாது. ஆட்களை நடத்துவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் சார்.

அப்படிப்பட்டவன் கிட்னி இரண்டும் போய் ஊருக்கு வந்தேன். நாலு வருஷம் ஆச்சு. திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு மணி பேட்ச். இந்த பேட்சில் நான்தான் சீனியர். ஜன்னல் ஓரம் இருக்கிற மூணாம் நம்பர் மெஷின் என்னுடையது. அப்போது என்னுடையது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசி மாசம், ஒன்பது பேர் இருந்த பேட்சில் மூணு பேர் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். ஒரே மாசத்தில். திங்கட்கிழமை வந்தால் ஒரு கட்டில் காலி. அடுத்த வாரம் இன்னொன்று. மிச்சம் ஆறு பேர். யாரும் யாரோடும் பேசுவதில்லை. இலஞ்சியில் டீக்கடை வைத்திருக்கிற சொரிமுத்து, போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்திருப்பான். வருவது வரட்டும் என்று இரண்டு பேர் தண்ணீரை அளவில்லாமல் குடிக்க ஆரம்பித்தார்கள். நமக்குக் குடிக்கிற தண்ணீர் வெளியே போகாமல் உடம்பிலேயே தங்கி எடை ஏறும், மூச்சை அடைக்கும்; இனிமேல் உங்களுக்கும் தெரியும் சார்.

இந்த நேரத்தில் யாராவது முன்னால் நிற்க வேண்டுமா, இல்லையா? நான் நின்றேன். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதி, கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து அச்சடித்து, ஆளுக்கு ஒரு தாள். பத்து விதிகள். மெஷின் ஓடும்போதே படுத்தபடி பேசினேன், இரண்டு மொழியிலும். மஸ்கட்டில் ஒரு விபத்து நடந்தால் மறுநாள் காலையில் அதையே எடுத்து விளக்குவோம். எவன் விழுந்தான், எதனால் விழுந்தான், பெல்ட் போட்டிருந்தானா. அதுதான் முறை. அதே முறையில் போன மூணு பேரையும் பேர் சொல்லி விளக்கினேன். நாகம்மாள் எத்தனை நாள் வராமல் இருந்தாள், எத்தனை கிலோ ஏறியிருந்தாள்...

மைதீன் பாத்து அக்காவுக்கு அடுத்த கட்டில்தான் நாகம்மாளுக்கு. அக்கா துப்பட்டியை முகத்தில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாங்க. பிரஷர் இறங்கிவிட்டது. ஸ்டெல்லா சிஸ்டர் ஓடி வந்து, "சார், போதும் சார். தயவுசெஞ்சு பேசாம படுங்க" என்றாங்க. ஏழாவது விதியில் நின்றது நின்றதுதான். மிச்சம் மூணு விதியும் இன்னும் என் பீரோவில் இருக்கு. நல்ல விதிகள் சார். உங்களுக்கு வேண்டுமென்றால் ஒரு தாள் தருகிறேன்.

அதற்குப் பிறகு எனக்குக் காய்ச்சல். ஒரு நாள் வருவேன், இரண்டு நாள் வர மாட்டேன். கால் இரண்டும் தலையணை மாதிரி வீங்கிவிட்டது. என் மனைவி ஹெலன் தினமும் அழுகை. காய்ச்சலுக்கு நான் என்ன செய்ய முடியும்?

பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை வந்தேன். வந்து பார்த்தால் மூணாம் நம்பரில் ஒரு ஆள். ஜன்னலோரம். கட்டை மீசை, தோளில் ஈரிழைத் துண்டு, சட்டைப் பையில் விசில்.

"சார் யாரு, புது டிக்கெட்டா?" என்றார்.

என்னைப் பார்த்து சார்! என்னைப் பார்த்து!

"நான் இங்க சீனியர்" என்றேன்.

"அப்ப பாஸ் வச்சிருக்கவரு! பாஸுக்குப் பின் சீட்டு சார். உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்கு."

சொரிமுத்து சிரித்தான். போர்வைக்குள்ளிருந்து. ஒரு மாசமாக அவன் பல்லை யாரும் பார்த்ததில்லை. என்னை வைத்து அந்தச் சிரிப்பு வர வேண்டுமா?

அவர்தான் குத்தாலிங்கம். ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும்; என்னைவிடப் பன்னிரண்டு வயசு மூப்பு என்பதால் நானும் அப்படியே கூப்பிட்டேன், வேறு காரணம் இல்லை.

அவர் செய்தது என்ன தெரியுமா? ஒன்றுமே இல்லை சார். ஸ்டெல்லா சிஸ்டர் எல்லா மெஷினையும் ஓட விட்டதும் விசிலை எடுத்து இரண்டு ஊது ஊதுவார். "போலாம் ரைட்! தென்காசி எடுத்தாச்சு. அடுத்து கடையநல்லூர்." அவ்வளவுதான். நம்முடைய நாலு மணி நேரமும் அவர் வண்டி மதுரைக்குப் போகிற நாலு மணி நேரமும் ஒன்று. ஏழு மணிக்கு எடுத்தால் பதினொன்றுக்கு மதுரை. கால் மணிக்கு ஒரு தடவை, அரை மணிக்கு ஒரு தடவை ஊர் பேரைச் சொல்லுவார். கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், கல்லுப்பட்டி, திருமங்கலம், மதுரை. இதை ஒரு குழந்தைகூடச் சொல்லும்.

புளியங்குடி வந்தால், "எலுமிச்சம்பழ மூட்டை ஏறுது, காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கோங்க" என்பார். ஆறு பேரும் காலை ஒதுக்குவார்கள்! படித்தவர்கள், பேரன் எடுத்தவர்கள், காலை ஒதுக்குவார்கள் சார். மூணாவது மணி நேரத்தில் சொரிமுத்துக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், துடிப்பான். "கல்லுப்பட்டி ரோடு, குண்டும் குழியும்தான். கம்பியப் பிடிச்சுக்கோ முத்து, அஞ்சு நிமிசத்துல நல்ல ரோடு வந்துரும்" என்பார். யாருக்காவது பிரஷர் இறங்கினால் சிஸ்டரைப் பார்த்து, "டிரைவரம்மா, மெதுவா, மெதுவா, உள்ள பிள்ளத்தாச்சி இருக்கு" என்பார். கடைசியில், "மதுரை, மதுரை! பெட்டி படுக்கைய மறக்காம எடுத்துக்கோங்க. திரும்பி வர வெள்ளிக்கிழமை இதே வண்டிதான்."

ஒரு மாசத்தில் கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை. மைதீன் பாத்து அக்கா கண்ணை மூடிக்கொண்டே, "எந்த ஊரு அண்ணாச்சி?" என்று கேட்பாங்க. "சிவகிரி தாயி. தூங்கு. ராஜபாளையத்துல எழுப்புதேன்." தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் குடிப்பதை நிறுத்தினார்கள். எடை கூடினால் அண்ணாச்சி, "லக்கேஜ் கூடிப்போச்சு, தனி டிக்கெட்டு" என்று கேலி பண்ணுவாரே, அதற்குப் பயந்து. நான் பத்து விதியில் நாலாவது விதியாக எழுதினதும் அதேதான் சார். தண்ணீரைக் குறை. அச்சடித்துக் கொடுத்தபோது யார் கேட்டார்கள்?

வீட்டுக்குப் போனால் ஹெலன் கேட்பது, "உங்களுக்கு எப்படி இருக்கு?" இல்லை. "இன்னைக்கு அண்ணாச்சி என்ன சொன்னாரு?" சிலசமயம் எனக்கு இட்லி எடுத்து வைத்துக்கொண்டே தனக்குத்தானே சிரிப்பாள். என்ன என்று கேட்டால், "உள்ள பிள்ளத்தாச்சி இருக்கு" என்பாள். நான் மஸ்கட்டில் இருநூற்று இருபது பேர் முன்னால் பேசினதை இவள் ஒரு நாளாவது கேட்டிருக்காளா?

ஆனால் அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. எனக்குப் பட்டது வேறே. பட்டியல்.

மாற்றுக் கிட்னிக்குப் பதிவு பண்ணிவிட்டுக் காத்திருக்கிற பட்டியல் சார். நீங்களும் பதிவு பண்ணுவீங்க. என் நம்பர் முதலில் நூற்று நாற்பத்தெட்டு. ஒரு வருஷத்தில் எத்தனை நகர்ந்தது தெரியுமா? ஏழு. நூற்று நாற்பத்தொன்று. எறும்பு ஊர்கிற மாதிரி. அண்ணாச்சி வந்த இரண்டாவது வாரம், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி என்னிடம் சொன்னார், "சார், எனக்கு நூத்திப் பன்னண்டு. உங்களுக்கு முன்னால வந்துட்டேன் பாத்தியளா? முதல்ல நான் எறங்கிருவேன். பெறவு ஜன்னல் சீட்டு உங்களுக்குத்தான்."

அடுத்த மாசம் தொண்ணூற்றெட்டு. அதற்கடுத்து எண்பத்தேழு. என்னுடையது அசையவே இல்லை. அறுபத்தொரு வயசுக் கண்டக்டர் ஓடுகிறார், நாற்பத்தொன்பது வயசுக்காரன் நிற்கிறேன். எப்படி சார்? ஒவ்வொரு திங்கட்கிழமையும், அவர் நம்பர் என்ன ஆச்சு என்று கேட்பதற்காகவே காலையில் எழுந்து ஓடி வருவேன். ஆறே முக்காலுக்கு இந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எழுபத்தொன்பது. எழுபது. அவர் சிரித்துக்கொண்டே சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரியும். அநியாயத்தைக் கண்டால் வரும் எரிச்சல், அது பொறாமை கிடையாது.

இதில் ஏதோ முறைகேடு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. யாரோ ஆபீசர் அவர் வண்டியில் ஏறியிருப்பான், பழக்கம் பிடித்திருப்பார். இரண்டு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். இங்கிலீஷில். கையில் எடுத்துக்கொண்டு மாடியில் பதிவு பார்க்கிற அம்மாவிடம் போனேன். எங்கள் பேட்ச் குத்தாலிங்கம் எப்படி இத்தனை வேகமாக முன்னால் போகிறார், எனக்கு விளக்கம் வேண்டும் என்றேன். அந்த அம்மா கம்ப்யூட்டரில் தேடினாங்க. மறுபடியும் தேடினாங்க. "அந்தப் பேர்ல பட்டியல்ல யாரும் இல்லையே சார். ஆபரேஷனை இதயம் தாங்காதுன்னு அவர் பதிவே..." என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாங்க. "இது நான் சொல்லியிருக்கக் கூடாது. நீங்க கேக்காத மாதிரி போயிருங்க."

கேட்காத மாதிரி போவதா? மாடிப்படி இறங்கும்போது எனக்கு மூச்சே வாங்கவில்லை சார். நாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருந்தேன். ராஜபாளையம் வரட்டும் என்று பொறுத்தேன். ராஜபாளையத்தில் வண்டி பத்து நிமிஷம் நிற்கும், எல்லாரும் முழித்திருப்பார்கள்.

"ராஜபாளையம், ராஜபாளையம்! பத்து நிமிசம் நிக்கும். டீக்கடைப் பக்கம் யாரும் திரும்பக் கூடாது."

"அண்ணாச்சி" என்றேன். "இப்ப உங்க நம்பர் எத்தனை?"

"அறுவத்தி நாலு சார். உங்களுக்கு?"

"நூத்தி நாப்பத்தொண்ணு. அது கிடக்கட்டும். அறுவத்தி நாலு எந்தப் பட்டியல்ல?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நான் மஸ்கட் டிரம் மேல் நின்று பேசின அதே குரலில் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இவர் பேரு எந்தப் பட்டியல்லயும் இல்ல. இதயம் தாங்காதுன்னு பதிவே பண்ணல. இவருக்கு நம்பரே கிடையாது. பதினோரு மாசமா நம்ம எல்லாரையும் ஏமாத்திக்கிட்டிருக்காரு."

சொல்லிவிட்டுப் பார்த்தேன். மைதீன் பாத்து அக்கா துப்பட்டியை இழுப்பாங்க என்று நினைத்தேன். இழுக்கவில்லை. சொரிமுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டெல்லா சிஸ்டர் சரியாக இருந்த குழாயை மறுபடியும் சரிசெய்துகொண்டிருந்தாங்க.

அக்காதான் வாயைத் திறந்தாங்க. "சார், அது எங்களுக்குத் தெரியும்லா."

"தெரியுமா?"

"வந்த மொத நாளே சொல்லிட்டாக. 'எனக்குப் பட்டியலெல்லாம் கெடையாது தாயி, கடைசி ஸ்டாப் வரைக்கும் எனக்கு இதே வண்டிதான்'னு."

"அப்போ இந்த நூத்திப் பன்னண்டு, தொண்ணூத்தெட்டு... இதெல்லாம்?"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "அது உங்களுக்கு மட்டும் சார்" என்றாங்க அக்கா. "நீங்க அப்ப வாரத்துக்கு ஒரு நாளு வருவிய, ரெண்டு நாளு வரமாட்டிய. காலு வீங்கிக் கெடந்திய. அடுத்தது ஜெயசிங் சாருதான்னு நாங்க பயந்துபோய்க் கெடந்தோம். அண்ணாச்சிதான் சொன்னாக, 'அந்த சாருக்கு ஊரு பேரு சொன்னாப் பத்தாது. அவரு முந்திப் போற மனுசன். முன்னால ஒரு வண்டி போனாத்தான் அந்த டிரைவரு மிதிப்பாரு. நான் முன்னால போறேன், யாரும் காட்டிக் குடுத்திராதிய'ன்னு."

"பதினோரு மாசம் சார்" என்றாங்க ஸ்டெல்லா சிஸ்டர், குழாயைப் பார்த்தபடியே. "ஒரு நாள்கூட நீங்க விடல."

நீங்களே சொல்லுங்க சார். காய்ச்சல் நின்றுபோனது, அதனால் வந்தேன். இதற்கும் அந்த ஆள் நம்பருக்கும் என்ன சம்பந்தம்? ஆறு பேரும் ஒரு சிஸ்டரும் சேர்ந்து ஒரு மனுஷனிடம் பதினோரு மாசம் பொய் சொல்வார்களா? நான் அவர்களுக்கு ஒரு பொய் சொன்னதுண்டா? செத்தவர்கள் பேரைக்கூட மறைக்காமல் சொன்னவன் நான்.

அண்ணாச்சியைப் பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. விசிலை எடுத்து இரண்டு ஊது ஊதினார். "சீவில்லிபுத்தூர் வருது. பால்கோவா வேணுங்கிறவுக கண்ணால பாத்துக்கிடுங்க. வாயைத் தெறந்தா எறக்கி விட்டுருவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஜன்னல் பக்கம் அவரல்லவா இருந்தார்.

திங்கட்கிழமை போவதில்லை என்று முடிவு பண்ணினேன். காய்ச்சல் இல்லை, நானே முடிவு பண்ணினது. ஹெலன் கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் சமையற்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆறரை மணிக்குப் போன் அடித்தது. எடுத்தேன். யாரும் பேசவில்லை. ஒரே ஒரு விசில். வண்டி நிற்பதற்கு ஒரு விசில், கிளம்புவதற்கு இரண்டு. அது தெரியுமா உங்களுக்கு? ஒரு விசில் மட்டும் ஊதிவிட்டுச் சொன்னார், "சார், வண்டி உங்க வீட்டு வாசல்ல நிக்கி. பின்னால ஆறு வண்டி ஹாரன் அடிக்கான். சீக்கிரம் ஏறுங்க."

ஏறினேன். வேறு என்ன செய்ய? பேட்ச் முழுக்கக் காத்திருக்கிறது, டிராஃபிக் ஜாம் ஆக்கினவன் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

உள்ளே போனதும் அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "சார், எனக்கு இப்ப அம்பத்தெட்டு."

கேளுங்க சார்! எல்லாம் வெட்டவெளிச்சமான பிறகும்! இல்லாத பட்டியலில்கூட அந்த மனுஷன் என்னை முந்திக்கொண்டு போகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "எனக்கு நூத்தி நாப்பது. இந்த வாரம் ஒண்ணு நகர்ந்துட்டேன்" என்றேன். உண்மையிலேயே நகர்ந்திருந்தது. "ஆகா, மிதிக்காரு, மிதிக்காரு" என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு கையில் ஊசி குத்தியிருந்தால் எப்படிக் கை தட்டுவது என்று கேட்கிறீங்களா? தொடையில் தட்டுவோம் சார். உள்ளே வந்தால் பழகிவிடும்.

போன மாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, மெஷின் இல்லாத நாளாகப் பார்த்துப் போய்விட்டார். இதயம்தான். அப்போது அவர் நம்பர் பதினொன்று.

போனேன். போகாமல் இருப்பேனா? கடையநல்லூருக்கு இந்தப் பக்கம் ரோட்டோரத்தில் வீடு. உட்கார இடமில்லை, அத்தனை கூட்டம். அதுகூடப் பரவாயில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், ரோட்டில் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் அந்த வீட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கிறது. குறைத்து, நீளமாக ஒரு ஹாரன். மதுரை வண்டி, திருநெல்வேலி வண்டி, மினி பஸ்கூட. அங்கிருந்த மூணு மணி நேரமும் அதுதான். எனக்கு யார் சார் ஹாரன் அடிப்பார்கள்? மஸ்கட்டிலிருந்து கிரேன் வருமா?

மறுநாள் புதன்கிழமை. அவர் மகள் காலையிலேயே வந்து விசிலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தது. "அப்பா உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லியிருந்தாங்க. சீனியர்னு சொன்னாங்க." வாங்கிக்கொண்டேன். மூணாம் நம்பர் மெஷினும் எனக்கே வந்தது. ஒன்றரை வருஷம் வயிறெரிந்த ஜன்னல் சார். படுத்துக்கொண்டு பார்த்தால் தண்ணீர் டேங்க் ஒன்று தெரிகிறது. அவ்வளவுதான். பாசி பிடித்த டேங்க். இதைப் பார்த்துக்கொண்டா அந்த மனுஷன் புளியங்குடி எலுமிச்சம்பழத்தையும் திருமங்கலத்து ரயில்வே கேட்டையும் சொன்னார்?

மெஷினெல்லாம் ஓட ஆரம்பித்தது. சொரிமுத்து போர்வையை எடுத்தான். அந்தப் போர்வை கழுத்துக்கு வந்தது, வாய்க்கு வந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. விசிலை வாயில் வைத்து ஊதினேன்.

"சார்!" என்றாங்க அக்கா. "ஒண்ணு ஊதினா வண்டி நிக்கணும்லா!"

மறுபடியும் இரண்டு ஊதினேன். ஊர் பேரைச் சொன்னேன். பத்தொன்பது வருஷம் வெளிநாட்டில் இருந்தவன், எனக்கென்ன ஸ்டாப் மனப்பாடமா? சிவகிரி சொன்னேன். அரை மணி கழித்து, "ஸ்ரீவில்லிபுத்தூர்" என்றேன்.

"ராஜபாளையம்!" என்று ஒரு கத்தல். யார் தெரியுமா? சொரிமுத்து. போர்வையை உதறிவிட்டான். "ராஜபாளையத்த எங்க சார் விட்டிய? ஏழு மணி வண்டி ராஜபாளையம் போவாம எப்படிச் சீவில்லிபுத்தூர் போவும்?" "எங்க மச்சான் அங்கதான் ஏறணும்" என்று ஒருத்தர். "வண்டியத் திருப்புங்க, திருப்புங்க" என்றாங்க அக்கா. ஆளாளுக்குச் சத்தம். சிஸ்டர் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாங்க, சிரிக்கவா அழவா தெரியவில்லை. வண்டியைத் திருப்பி ராஜபாளையத்துக்கு விட்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு ஊரை விட்டுவிடுகிறேன். திங்கட்கிழமை வாசுதேவநல்லூரை விட்டேன், நீங்கதான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீங்க, கவனிக்கவில்லை. அவர்கள் கத்துவார்கள். "அண்ணாச்சி இருந்தா இப்படி விடுவாகளா?" என்பார்கள். வேண்டுமென்றேதான் விடுகிறேன் என்று இதுவரை ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நினைவு தப்பிப்போச்சு சாருக்கு என்கிறார்கள். சொல்லட்டும். அவர் வண்டியில் அவர் ஒருத்தர் கண்டக்டர். என் வண்டியில் ஆறு பேரும் கண்டக்டர். எது பெரிய வேலை? நீங்க நியாயமாகச் சொல்லுங்க. ஹெலன் சொல்ல மாட்டாள்.

அதோ, உங்கள் ஆட்டோக்காரன் வந்துவிட்டான். தாராளமாகப் போங்க. பதிவு பண்ணிவிட்டீங்களா, பட்டியலுக்கு? நம்பர் என்ன? இருநூற்றுப் பத்தா? அடடா.

எனக்கா? எனக்கு நாற்பத்தாறு.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க? நாற்பத்தாறுதான் சார். போன மாசம் அறுபத்தொன்று. வேகமாக நகர்கிறது இப்போது. என்ன காரணம் என்று தெரியவில்லை. மாடியில் போய் மனு கொடுத்துப் பாருங்களேன்... சிரிக்காதீங்க. மேனேஜராக இருந்தவர், எத்தனையோ பேரை முந்தி வந்திருப்பீங்க. இங்கே கொஞ்சம் கஷ்டம்தான். என்னை உங்களால் முந்த முடியாது. இன்றைக்குத் திரும்பிப் போனால் நிச்சயமாக முடியாது.

சிஸ்டர் கூப்பிடுகிறாங்க. ஏழு மணி ஆச்சு. ஃபைலை என்னிடம் கொடுங்க, செருப்பை அந்த ஓரமாகக் கழற்றுங்க. ஆட்டோக்காரனை நான் பார்த்துக்கொள்கிறேன். ஏய், பதினோரு மணிக்கு வாப்பா, சார் மதுரை போறாரு!

உள்ளே போங்க சார், உள்ளே போங்க. நடுவில் இடம் கிடக்கிறது.